சிவப்பு மூடி டப்பா

என் தங்கச்சி புருஷனுக்கு நான் வைத்த பெயர் லேபிள். ஒரு பெரிய கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. அங்கே ஒட்டுகிற சீட்டு போதாதென்று வீட்டிலும் ஒட்டுவார். மிளகாய்த்தூள் இருக்கிற கண்ணாடி பாட்டிலில் 'மிளகாய்த்தூள்' என்று எழுதியிருக்கும். சிவப்பாகத் தெரிவது பின்னே என்ன, செங்கல் பொடியா? சுவிட்சுக்குச் சீட்டு, சாவிக்குச் சீட்டு, குடைக்குச் சீட்டு. அந்த வீட்டில் சீட்டு ஒட்டாமல் நடமாடுவது என் தங்கச்சியும் பூனையும்தான். பூனை ஒரு நிமிஷம் அசையாமல் நின்றிருந்தால் அதற்கும் ஒட்டியிருப்பார்.

நான் கார் மெக்கானிக். சொந்த ஒர்க்‌ஷாப், இருபத்திரண்டு வருஷம். சத்தத்தைக் கேட்டே எஞ்சினுக்கு என்ன வியாதி என்று சொல்கிறவன். எந்த ஸ்பேனர் எங்கே கிடக்கும் என்று என் கைக்குத் தெரியும். எனக்கு எதற்கு லேபிள்?

தங்கச்சிக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் முடிந்து, வாரா வாரம் செவ்வாய்க்கிழமை ஊசி மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். மொத்தம் பன்னிரண்டு வாரம். டாக்டரம்மா என்னையும் லேபிளையும் உட்கார வைத்துச் சொன்னார். "இந்த மருந்து கெட்டதோட சேர்த்து நல்லதையும் அழிக்கும். இப்ப உங்களுக்கு வர்ற சாதாரண சளி, அவங்களுக்கு வந்தா சாதாரணமில்ல. காய்ச்சல் வந்துச்சுன்னா அட்மிட் பண்ணணும், அடுத்த ஊசி நிக்கும். ஊசி தள்ளிப் போறது நல்லதில்ல. அவங்க மட்டுமில்ல, கூட வர்றவங்களும் மாஸ்க் போடணும். போகும்போது ஒண்ணு, திரும்பும்போது புதுசு ஒண்ணு."

லேபிளுக்கு வாரா வாரம் லீவு கிடைக்காது. அதனால் அவர்களுடைய காரை ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திக்கொண்டு, செவ்வாய்க்கிழமை நானே கூட்டிப்போய்க் கூட்டிவருவது என்று முடிவானது. அதில் எனக்குக் கஷ்டமே இல்லை. அப்பா அம்மா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நான் ஒருத்தன்தான்.

முதல் வாரம் நான் என் மாஸ்க்கைக் கழற்றி, காருக்குள் பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் மாட்டியிருந்தேன். உலகத்தில் பாதிப்பேர் அப்படித்தான் மாட்டியிருக்கிறார்கள். லேபிள் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செத்த எலியைத் தொங்கவிட்டிருந்தாலும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒர்க்‌ஷாப்புக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை, இஞ்ச் டேப், கத்தரிக்கோல். காரின் டேஷ்போர்டு அறையைத் திறந்து, உள்ளே இருந்த என் டயர் கேஜ், துணி, டார்ச் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். துடைத்தார். காய விட்டார். மறுபடி துடைத்தார். நான் ஒரு கிளட்சைக் கழற்றி மாட்டியிருப்பேன், அவர் அந்தச் சின்ன அறையைத் துடைத்து முடிப்பதற்குள்.

அப்புறம் பாடம் ஆரம்பமானது.

"மச்சான், இது பச்சை மூடி டப்பா. இதுல புது மாஸ்க் மட்டும். ஒவ்வொண்ணும் தனித்தனிக் காகித உறைல. பிளாஸ்டிக் கவர் கூடாது, ஈரம் நிக்கும். டேஷ்போர்டு மேல வைக்கக் கூடாது, வெயில்ல நாடா இளகிடும். எடுக்கறப்ப முன்னாடி இருந்து எடுக்கணும், காலி உறையைப் பின்னாடி சொருகணும். நான் எண்ணிக்குவேன்."

"எண்ணி?"

"எத்தனை செலவாச்சுன்னு தெரியணுமில்ல." அடுத்த டப்பாவை எடுத்தார். "இது சிவப்பு மூடி. டிரைவர் பக்கக் கதவுல இருக்கும். கழட்டினது நேரா இதுக்குள்ள. மூடி இறுக்கமா இருக்கு பாருங்க, காத்து கூடப் போகாது. வாராவாரம் நான் வந்து கொட்டிட்டுப் போறேன்."

"மாப்பிள்ளை, மூக்கைத் துடைச்ச துணிக்கு இவ்வளவு ராஜ மரியாதையா?"

அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்குச் சிரிப்பை எந்த அலமாரியில் வைத்தோம் என்று மட்டும் சீட்டு ஒட்ட மறந்துபோச்சு. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அறையின் கதவு உட்பக்கத்தில் ஒட்டினார். ஏழு விதிகள். கடைசியில் ஒரு கோடு, 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க மச்சான்."

இருபத்திரண்டு வருஷம் தொழில் பண்ணியவனிடம், மாஸ்க் எடுக்கக் கையெழுத்து! எனக்கு வந்த எரிச்சலில் படிக்கவே இல்லை. ஆயில் கையோடு கட்டைவிரலை அந்தக் கோட்டின் மேல் அழுத்திக் கைநாட்டு வைத்தேன். கட்டைவிரல் குறுக்கே எனக்கு ஒரு பழைய வெட்டுத் தழும்பு உண்டு. அதுகூடத் தெளிவாக விழுந்தது.

"போதுமா? பட்டா எப்ப கிடைக்கும்?"

"போதும் மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தக் கதையை அன்று ஒர்க்‌ஷாப்புக்கு வந்த எல்லாரிடமும் சொன்னேன். கிடங்கில் குப்பை கொட்டுகிறவருக்கு காரும் ஒரு கிடங்குதான் என்றேன். எல்லாரும் நன்றாகச் சிரித்தார்கள்.

இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் போட்டேன். அதற்கடுத்த வாரம் அந்தச் சிவப்பு மூடி டப்பா என் கண்ணை உறுத்தியது. காற்றுப் புகாத மூடி, உள்ளே தடுப்பு, கைக்கு அடக்கமான அளவு. அழுக்கு மாஸ்க்குக்கு இவ்வளவு நல்ல டப்பாவா? கழுவி எடுத்து என் பியூஸ், சின்ன பல்பு எல்லாம் போட்டு அலமாரியில் வைத்துக்கொண்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்டோர் கீப்பருக்குத் தெரியாதது மெக்கானிக்குக்குத் தெரியும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். டப்பாவை நானே கொட்டிக்கொள்கிறேன், அலைய வேண்டாம் என்று லேபிளிடம் சொல்லிவிட்டு, கழற்றின மாஸ்க்கைக் குப்பைத்தொட்டியில் போட்டுவந்தேன்.

இங்கே எங்கள் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு காருக்குப் புது சாமான் போட்டால், கழற்றின பழைய சாமானை, அந்தப் புது சாமான் வந்த பெட்டியிலேயே போட்டு வைப்போம். வண்டிக்காரர் வந்து, "நிஜமாவே மாத்தினியா?" என்று கேட்டால் பெட்டியைத் திறந்து காட்டலாம். ஒர்க்‌ஷாப்பில் புதுப் பெட்டி இருந்தால் உள்ளே பழசு என்றுதான் அர்த்தம். கிடங்கில் அதுவே நேர்மாறு. பெட்டி மூடியிருந்தால் உள்ளே புதுசு. இரண்டும் இரண்டு உலகம். இதை நான் யோசித்தேனா என்று கேட்டால், இல்லை. என் கைக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான் எதற்கு யோசிக்க வேண்டும்?

ஆறாவது செவ்வாய்க்கிழமை. எனக்கு இரண்டு நாளாக லேசாகச் சளி, தும்மல். ஓட்டுகிறவன் வராவிட்டால் அவள் எப்படிப் போவாள் என்று போனேன். மாஸ்க்தான் இருக்கிறதே. வழியெல்லாம் அதற்குள்ளேயே தும்மினேன். அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து ஒரு ரேடியேட்டர் வேலையை முடித்தேன். மாஸ்க் தாடையில் தொங்கியது. மூன்று மணி நேரம் கழித்துக் கிளம்பும்போது அதைக் கழற்றினேன். சிவப்பு டப்பாவில்தான் பியூஸ் இருக்கிறதே, கிளம்பும் அவசரத்தில் குப்பைத்தொட்டி வரை போகவில்லை. மாஸ்க்கை மடித்து, அது வந்த காகித உறையில் போட்டு, வாயை மடித்து அழுத்தி, எடுத்த இடத்தில் வைத்தேன். எடுத்த இடம் பச்சை மூடி டப்பா. அதிலும் முன்வரிசை.

கை கழுவிவிட்டு, எனக்கு நடுவிலிருந்து புதிதாக ஒன்றை உருவிக்கொண்டு போனேன். தங்கச்சி காரில் ஏறி, போட்டிருந்ததைக் கழற்றி ஒரு கவரில் வைத்தாள். டப்பாவைத் திறந்தாள். சொல்லிக்கொடுத்தபடி முன்னாடி இருந்து எடுத்தாள். மருந்து ஏறின களைப்பில் கண்ணைக்கூடச் சரியாகத் திறக்கவில்லை. போட்டுக்கொண்டாள். காலி உறையைப் பின்னால் சொருகினாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு லேபிள் போன் பண்ணினார். காய்ச்சல் நூற்று இரண்டு. அட்மிட் பண்ணிவிட்டார்கள். தனி அறை, கண்ணாடிக் கதவு, ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான் உள்ளே. வெள்ளை அணு அடிமட்டத்தில் இருக்கிறது, அடுத்த ஊசி இப்போதைக்கு இல்லை என்றார்கள்.

எனக்கு அப்போதும் என் மேல் சந்தேகம் வரவில்லை. வீட்டில் ஏதாவது ஒரு பாட்டிலைத் துடைக்க மறந்திருப்பார் என்று நினைத்தேன். ஊரெல்லாம் சீட்டு ஒட்டி என்ன, கட்டின பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்றும் நினைத்தேன். என் சளி அன்றைக்குள் சரியாகிவிட்டிருந்தது. அதனால் அது ஞாபகத்திலேயே இல்லை.

சனிக்கிழமை மதியம் போனபோது நர்ஸ் எங்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, தண்ணீர் எது, சாப்பாடு எது. "மாஸ்க் எங்க வைக்கிறீங்க?"

லேபிள் பையிலிருந்து பச்சை மூடி டப்பாவை எடுத்தார். காலையிலேயே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, நான் வெளியே போயிருந்த நேரத்தில் காரை எடுத்து வந்திருந்தார். டப்பாவைத் திறந்து, பின்னால் இருந்த காலி உறைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தார். கடைசி உறையின் மடிப்பில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு கோடு.

அந்தத் தும்மல், அந்த உறை, அந்த முன்வரிசை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

லேபிள் அந்த ரேகையின் மேல் தன் விரலை வைத்து மூடினார். உறையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"டப்பாவை நான்தான் தயார் பண்ணேன் சிஸ்டர். மூடி கொஞ்சம் லூஸ். தூசி போயிருக்கும். என் தப்பு."

மூடி லூஸ் இல்லை. அந்த மனிதர் வாழ்க்கையில் லூசாக ஒரு மூடி போட்டதில்லை. நர்ஸ் எழுதிக்கொண்டு, "இதனாலதான்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது. ஆனா இனிமே கவனமா இருங்க" என்று போய்விட்டார்.

நான் வராந்தாவில் அவரை ஓரமாகக் கூப்பிட்டேன். "மாப்பிள்ளை, அது..."

"தெரியும் மச்சான். காரை எடுக்க வந்தப்ப உங்க அலமாரில சிவப்பு மூடி டப்பாவைப் பார்த்தேன். பியூஸ் இருந்துச்சு. உறைல இருக்கற ரேகைதான் கதவுல ஒட்டின தாள்லயும் இருக்கு."

"அப்புறம் ஏன் பொய் சொன்னீங்க?"

"அவகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்." தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "புருஷன் மேல வர்ற கோபம் ரெண்டு நாள்ல போயிடும். பொறந்த வீட்டுப் பக்கம்னு அவளுக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். அதுவும் இல்லாம இந்த மிச்ச ஆறு ஊசியை அவ எப்படித் தாண்டுவா?"

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அது ஒன்றுதான். வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் இந்த மனிதரைத் துடைப்பக்கட்டைக்குச் சமமாக வைத்துப் பேசியிருக்கிறேன்.

என் முறை வந்தது. புது மாஸ்க் ஒன்றை அவரே பிரித்துக் கொடுத்தார். கையை இரண்டு தடவை கழுவிக்கொண்டு உள்ளே போனேன். தங்கச்சி படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"அண்ணே, பார்த்தியா அவரை. வாய்கிழிய ரூல்ஸ் பேசறது, கடைசில மூடியைக்கூட ஒழுங்கா போடத் தெரியல. நீ சொல்ற மாதிரி வெறும் லேபிள்தான்." மூச்சு வாங்கியது. "இனிமே மாஸ்க்கெல்லாம் நீயே வச்சுக்க அண்ணே. உன் கையால எடுத்துக் குடு. அவர் கைல விடாத."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றுமே பேசாமல் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். அவர் எனக்காக அப்படித்தான் ஏற்பாடு பண்ணியிருந்தார்.

"மூடி நல்ல மூடிதாம்மா" என்றேன். "சிவப்பு டப்பாவை எடுத்து நான் பியூஸ் போட்டுக்கிட்டேன். எனக்குச் சளி இருந்துச்சு. தும்மின மாஸ்க்கைப் பழக்க தோஷத்துல பச்சை டப்பாலயே போட்டேன். நீ எடுத்துப் போட்டது அதைத்தான். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் என்னையே பார்த்தாள். நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி முடிப்பேன் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

"நீ வெளிய இரு" என்றாள். "அவரைக் கூப்பிடு."

நான் வெளியே வந்து அவரை உள்ளே அனுப்பினேன். போகும்போது டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மூடி இறுக்கமாக இருந்தது. அவள் அழுவதும் அவர் கையைப் பிடித்துக்கொள்வதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. நான் டப்பாவைத் திறக்காமல், அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.