வரிசையில் 4,117

1.
இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையது. மேலாளருக்கு விளக்கக் கடிதமாகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் கதையாகிவிட்டது. அனுப்பவில்லை.

கைபேசி விற்கும் தளம் ஒன்றில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். புதுக் கைபேசிக்கு முன்பதிவு தொடங்குமுன், கூட்டம் வந்தால் தளம் தாங்குமா என்று பார்க்கப் பொய் வாடிக்கையாளர்களை உருவாக்குவோம். அவர்களுக்குப் பெயர் இருக்காது, எண் மட்டும். முன்பதிவுக்கு முந்தின நாள் மாலையில் அவர்களை அழித்துவிடுவோம்.

2.
("காலை பத்து மணிக்கு உலகமே ஒரு கதவின் முன் வந்து நின்றது." வேண்டாம். கதவே இல்லை, ஒரு பட்டன்தான்.)

பத்து மணிக்கு முன்பதிவு திறந்தது. இருந்தவை ஐயாயிரம் கைபேசிகள். பத்து மூன்றுக்கு ஆறு லட்சம் பேர் வரிசையில் நின்றார்கள். திரையில் வரைகோடு ஏறி, மேல் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது.

"என்னம்மா இது, சும்மா குடுக்கறாங்கன்னு யாராவது புரளி கெளப்பிட்டாங்களா?" என்றார் வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்குத் திரையில் பதில் எழுதும் பக்கத்து இருக்கை அக்கா. சிறிது நேரம் கழித்து, "இங்க வா. 4,117 உங்க டெஸ்ட் நம்பர்தானே? ஏன் எங்கிட்ட கேள்வி கேக்குது?"

"யாராவது வெளையாடுவாங்கக்கா."

"யாரு வெளையாடுவா? இங்க தண்ணி குடிக்கவே நேரமில்ல."

பார்த்தேன். அழிக்கும் நிரல், 'எதற்காக வாங்குகிறீர்கள்?' என்ற கட்டம் காலியாக இருப்பவர்களை மட்டுமே அழிக்கும். 4,117ஐப் பெண் என்று குறித்து, அந்தக் கட்டத்தையும் நான் நிரப்பியிருந்தேன்.* 'அண்ணனிடம் பேச.'

* ஆயிரக்கணக்கான காலிக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீங்களும் ஒன்றை நிரப்புவீர்கள்.

3.
அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"வணக்கம். என்ன உதவி வேணும்?"

"போன் எப்ப வரும்? அண்ணன் காத்துட்டிருப்பான்."

"அண்ணன் எங்க இருக்காரு?"

எதிர்முனையில் தட்டச்சாவதைக் காட்டும் மூன்று புள்ளிகள் வெகுநேரம் துடித்தன.

"அத நீங்க எழுதலையே."

4.
இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. நான் படித்தது இயற்பியல். யாரோ குறும்பு செய்திருக்கலாம். அதே எண் உண்மையான ஒருத்திக்கும் போயிருக்கலாம். நெரிசலில் பழைய பதிவு ஏதோ திரும்பி வந்திருக்கலாம். மூன்றையும் சோதித்தேன், மூன்றும் இல்லை. அவள் எழுதுவது எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்றும் தேடினேன். அந்த இடத்தில்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்துப் பார்த்தேன். இப்படியே இருக்கட்டும்.)

மேலாளர் வந்தார். "ஆறு மணிக்கு லிஸ்ட்ட பூட்டறோம். அதுக்குள்ள அந்தப் பொய் நம்பர எடுத்துடும்மா. நெஜமா நிக்கிறவனோட போன எடுத்து ஆவிக்கு அனுப்பினா, அடுத்து உன்னத்தான் வீட்டுக்கு அனுப்புவாங்க."

"சரிங்க சார்." எனக்கு வாயில் வருவது அது ஒன்றுதான்.

5.
முடிவு ஒன்று: அழிக்கிறேன். பின்னால் நிற்பவர் ஓர் இடம் முன்னால் வருகிறார். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. (அழித்த பிறகும் அந்தப் புள்ளிகள் துடிப்பதாக என் கை தானாகவே எழுதியது. அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: அழிக்கவில்லை. அவளுக்கு நான் கொடுத்த முகவரி, ஆறு மாடிகள் உள்ள என் குடியிருப்பின் ஏழாவது மாடி. பொட்டலம் கொண்டுவருபவர் படியேறுகிறார். கதவு திறக்கிறது. ஒரு கை கையெழுத்துப் போடுகிறது. (அது என் கையெழுத்து. அங்கே நிறுத்தினேன்.)

6.
ஐந்தரைக்கு அவளிடம் சொன்னேன். "ஆறு மணிக்கு உங்கள வரிசையிலேர்ந்து எடுக்கணும்."

"தெரியும். போன் வேணாம். அதுக்கு முன்னாடி அண்ணன ஒரே ஒரு தடவ பேச வைங்க."

எழுதினேன்: "நல்லா இருக்கியா?"

"இது நீங்க."

"ஏய் குட்டிக் கழுத, சாப்ட்டியா?"

"இதுவும் நீங்கதான்."

உண்மைதான். நான் ஒற்றைப் பிள்ளை. ஓர் அண்ணன் தங்கையிடம் எப்படிப் பேச ஆரம்பிப்பான் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு அண்ணன் இருக்கலாம். நீங்களே யாருக்காவது அண்ணனாக இருக்கலாம்.

மணி ஐந்து ஐம்பத்தெட்டு. இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. உங்களிடம் கேட்பது ஒரு வரி. யோசித்து எழுத வேண்டாம், யோசித்தால் கண்டுபிடித்துவிடுகிறாள்.

புள்ளிகள் நின்றுவிட்டன. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்: