மாதாவும் தெரியணும்

"மாதா எங்க?" என்று தன் வீட்டு விருந்தில் வைத்துப் பிரேமிளா கேட்டபோது றீற்றாவின் வாய் நிறையக் கேக் இருந்தது. விழுங்கிவிட்டுப் பதில் சொல்வதற்குள் பிரேமிளா டெப்லெட்டை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய், விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மகள் தினுஷா வெள்ளைச் சட்டையும் தலையில் முக்காடுமாக மெழுகுதிரி பிடித்து நிற்கிற படம். அன்று காலை அம்பிட்டியவில் முதல்நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியதும், கோவிலுக்குப் பக்கத்தில் ரோட்டைப் பார்த்தபடி மலையைக் குடைந்து கட்டியிருக்கும் மாதா கெபிக்கு முன்னால் எடுத்தது. பிள்ளையின் கண்ணிமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணலாம். அவளுக்குப் பின்னால் பச்சையும் நீலமுமாக ஏதோ கரைந்து கிடந்தது. அந்த நீலந்தான் மாதா.

அன்று எடுத்ததிலேயே திறமான படம் அதுதான் என்று றீற்றா நினைத்திருந்தாள். கிழமையில் ஐந்து நாள் கண்டி டவுனில் இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கல்யாணம், பிறந்தநாள் என்று கெமராவைத் தூக்கிக்கொண்டு குண்டசாலையில் பஸ் ஏறிவிடுவாள். ஏழு வருஷமாக ஒரே லென்ஸ். கெமரா வாங்கும்போது கூடவே வந்தது. எல்லாவற்றையும் எடுக்கும், ஒன்றையும் உருப்படியாக எடுக்காது. நேற்றுத்தான் டவுனில் பழைய கெமராச் சாமான் விற்கும் அஹ்னாப் ஒரு 135 எம்.எம். லென்ஸை அவள் கையில் வைத்தார்.

"ஆள எடுக்கத்தான் இது, தங்கச்சி. முகம் மட்டும் தெளிவா ஈக்கும், பின்னால ஒண்டும் தெரியாது. கொண்டு போய் எடுத்துப் பாருங்க. நாளைக்கி அஞ்சு மணிக்கு முன்ன வேணுமா வேணாமாண்டு செல்லுங்க. மாத்தளையில இருந்து ஒத்தர் கேட்டுட்டு ஈக்கிறார்."

ஆசைக்கு அளவில்லை, ஆனால் யோசனையும் விடவில்லை. இதை வாங்கினால் இரண்டு வருஷத்துக்கு வேறொன்றையும் நினைத்துப் பார்க்க முடியாது. சூம் கிடையாது, கிட்டப் போவதும் தள்ளிப் போவதும் காலால்தான். அவளைக் கூப்பிடுகிறவர்களின் வீடுகளில் நாலு எட்டுப் பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும். அவர்களுக்கு முகம் மட்டும் போதாது, சொந்தக்காரர், கேக், புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் எல்லாம் படத்தில் வரவேண்டும். இதையெல்லாம் ராத்திரி முழுக்க யோசித்தவள், காலையில் தினுஷாவின் படத்தைப் பார்த்த நிமிஷத்தில் வாங்குவதென்றே முடிவுகட்டிவிட்டாள். மாதாவையும் சேர்த்துக் கரைத்துவிட்டோம் என்பது உறைக்கவே இல்லை. சின்ன வயதிலிருந்து பூசைக்குப் போகிறவளுக்கு அது உறைக்காமல் போனதுதான் வெட்கக்கேடு.

"பின்னால மங்கலா இருந்தாத்தான் புள்ள எடுப்பாத் தெரியும்க்கா" என்றாள். அவளுக்கே அது சப்பைக்கட்டாகத்தான் கேட்டது.

பிரேமிளா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

"கல்யாணம் முடிச்சி ஏழு வருஷம் எனக்குப் புள்ள இல்ல தங்கச்சி. அந்தக் கெபியிலதான் முழங்கால் போட்டுக் கேட்டேன். புள்ளயக் குடுங்க, முதல்நன்மை அன்னைக்கு ஒங்க முன்னால நிப்பாட்டிப் படம் புடிச்சி வீட்டுல மாட்டுறேன்னு நேந்துக்கிட்டேன். இதுல மாதாவே இல்லியே. நான் எதக் கொண்டு போயி மாட்டுறது?"

றீற்றா மணியைப் பார்த்தாள். மூன்று. அந்த வெள்ளைச் சட்டை பிரேமிளாவின் அக்கா மகளுடையது. அக்கா நாலு மணிக்கு நாவலப்பிட்டிக்குத் திரும்புகிறாள், அடுத்த ஞாயிறு அங்கே வேறொரு பிள்ளைக்கு அதே சட்டைதான். தினுஷாவோ எப்போதோ அதைக் கழற்றிவிட்டு ஐஸ்கிரீமும் கையுமாக இருந்தாள்.

"சட்டையத் திரும்ப மாட்டி விடுங்கக்கா. இப்பவே போவோம்."

கெபியடியில் பழைய லென்ஸைப் போட்டுத்தான் தொடங்கினாள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, அளவுதான் வினை. தினுஷா பெரிதாக வந்தால் மாதா மேலே எங்கோ ஒரு விரல் நீளத்துக்கு நின்றார். தள்ளிப் போனால் பிள்ளையும் மாதாவும் சேர்ந்தே சிறுத்துப் போனார்கள். மேலே ஏறும் படிக்கட்டு பாசி பிடித்து வழுக்கியதால் அதன் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். பிரேமிளா கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துத் தானே ஒரு படம் எடுத்துப் பார்த்தாள். றீற்றாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த ரோஷத்தில்தான் அஹ்னாப்பின் லென்ஸை மறுபடி மாட்டினாள். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் முக்காடு மட்டுந்தான் தெரிந்தது. பின்னால் போனாள். வாசலைத் தாண்டினாள், ரோட்டைக் கடந்தாள், எதிர்மேட்டில் யாரோ வீட்டு முற்றத்தில் நாய் குரைக்கக் குரைக்க ஏறி நின்றாள். கெமராவில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் விலகி வந்த அளவுக்கு மாதா இறங்கி வந்திருந்தார். தூரத்திலிருந்து பார்க்கும்போது இருவருக்கும் நடுவிலிருந்த இடைவெளி சுருங்கி, சுரூபம் பிள்ளையின் தோளுக்குப் பின்னால் அவளை விடச் சற்றுப் பெரிதாக நின்றது. இன்னும் மங்கல்தான். எஃப் இரண்டுவரை அகலத் திறக்கிற அந்த லென்ஸின் துவாரத்தைப் பதினொன்றுக்கு மூடிச் சிறிதாக்கினாள், பின்னால் நின்ற மாதாவும் தெளிந்தார். கத்தினாலும் கேட்காத தூரம் என்பதால் பிரேமிளாவின் ஃபோனுக்குக் கோல் எடுத்தாள்.

"அக்கா, தினுஷாவ ரெண்டு எட்டு எடது பக்கமா நகரச் சொல்லுங்க."

"ஒங்க எடதா, எங்க எடதா?"

"எங்க எடது. ஐயோ, இல்ல, மத்தப் பக்கம்!"

நாலு தரம் பிள்ளை அங்குமிங்கும் அலைந்தது. கடைசியில் சரியாக நின்ற நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நடுவில் மறைத்தது. அது போனபோது, ஃபுட்போர்டில் நின்ற கொண்டக்டர் முதல்நன்மைப் பிள்ளைக்குக் கைகாட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும். தினுஷா வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். றீற்றா பட்டனை அமத்தினாள்.

பிரேமிளா அந்தப் படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டு விரலை முத்தமிட்டாள். "மாதா புள்ள தோள்ல கையப் போட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கே" என்றாள். றீற்றாவுக்குக் கண் கலங்கியது, சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்குத் திரும்பியாயிற்று, சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு அக்காவும் போய்விட்டாள். கெமராவைப் பையில் வைக்கும்போது றீற்றாவைப் புது யோசனை பிடித்துக்கொண்டது. பதினொன்றில் எடுத்த படத்துக்கு இரண்டுவரை திறக்கிற லென்ஸ் எதற்கு? அந்த இரண்டுக்குத்தானே அஹ்னாப் இவ்வளவு விலை சொல்கிறார்? இதே நீளத்தில், அவ்வளவு திறக்காத மலிவானது ஒன்று போதாதா? மாத்தளைக்காரரே கொண்டு போகட்டும் என்று மூடியைப் போட்டாள்.

"தங்கச்சி" என்று பின்வாசலிலிருந்து பிரேமிளா கூப்பிட்டாள். தலையை வாரி, பூசைக்குக் கட்டியிருந்த சேலையைச் சரிசெய்து வந்திருந்தாள். "என்னையும் ஒண்ணு எடுக்கிறீங்களா? கல்யாணத்துக்கு அப்புறம் தனியா எனக்குன்னு ஒரு படம் இல்ல. ஐடென்டி கார்டுக்கு எடுத்ததுதான்." கொஞ்சம் தயங்கினாள். "காலையில எடுத்தீங்களே, பின்னால ஒண்ணும் தெரியாம. அது மாதிரி."

பின்னால் பூசாத சுவர், கொடியில் துணி, நீலப் பீப்பாய். பிளாஸ்டிக் கதிரையில் பிரேமிளாவின் கறுப்பையாச் சித்தப்பா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா தெரிவாரா?"

"தெரிய மாட்டார்க்கா."

றீற்றா மூடியைக் கழற்றினாள். பதினொன்றிலிருந்து இரண்டுவரை திறந்தாள். கொல்லை நீளமாக இருந்தது, முதுகு எதிலும் முட்டவில்லை. பையிலிருந்த ஃபோன் அடித்தது. ஐந்துக்கு இன்னும் பத்து நிமிஷம், அஹ்னாப்தான்.

"ஃபோன எடுங்க தங்கச்சி, நான் நிக்கிறேன்."

"அடிக்கட்டும்க்கா. நீங்க என்னையப் பாருங்க."

கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பிரேமிளா கழுத்துச் சங்கிலியின் சிலுவையைத் தொட்டாள், பிறகு அதையும் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சுவரும் துணியும் பீப்பாயும் சித்தப்பாவும் கரைந்து போனார்கள். மிஞ்சியது ஒரு முகம். நாற்பத்திரண்டு வயது, கண்ணோரம் சுருக்கம், நாணத்தில் தொடங்கி மெல்ல மெல்லத் துணிந்து வந்துகொண்டிருந்த ஒரு சிரிப்பு. ஃபோன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க, அந்தச் சிரிப்பு முழுசாக வந்து சேரட்டும் என்று றீற்றா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.