பின் சீட்டு

வெள்ளை வண்டியின் பின் கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஃபெலிக்ஸ் கையால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். ஷோரூம் பெண் பாண்டீஸ்வரி என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினாள். எனக்கு நாற்காலி போட்டு, கேட்காமலே முதுகுக்கு ஒரு தலையணையும் கொண்டுவந்து வைத்த பெண். நாங்கள் அங்கே போவது மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ. கார் வாங்க வருகிறவர்கள் முன்பக்கத்தைத் திறந்து எஞ்சினைப் பார்ப்பார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். இவர் வந்தால் நேராகப் பின் கதவுக்குத்தான் போவார். ஏறுவார், இறங்குவார், சீட்டின் சாய்வைக் கூட்டுவார், குறைப்பார். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தும் பார்ப்பார். ஆறடி மனுஷர், முழங்காலை மடக்கிக்கொண்டு. அவர் கணக்குப் பாடம் எடுத்தால் வகுப்பில் ஒரு பிள்ளை இருமாது என்பார்கள். அந்தப் பிள்ளைகள் இந்தக் கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

எனக்கு வயிற்றில் புற்று. ஒன்றரை வருஷமாக மதுரைக்கும் காரைக்குடிக்குமாக அலைகிறோம். குழந்தைவேலு அண்ணனின் வாடகைக் கார்தான் எப்போதும். பழைய டீசல் வண்டி. அவர் ஓட்டுவார். நான் பின் சீட்டில் படுத்துக்கொள்வேன். ஃபெலிக்ஸ் தலைமாட்டில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்துக்கொள்வார். திருப்பத்தூர் தாண்டும்வரை ஜெபமாலை சொல்வார், மேலூர் வருவதற்குள் அவரே தூங்கி விழுவார். போன தடவை டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, “இனிமே ஊசி போட்டு உடம்ப வதைக்க வேணாம்மா. வலி இல்லாம பாத்துக்கலாம். வீட்டோட இருங்க” என்றார். நிதானமாக, பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரித்தான் சொன்னார். வெளியே வந்ததும் ஃபெலிக்ஸ் பேசியது இதுதான்.

“அலைச்சல்தான் பெல்சி ஒன்னையப் போட்டு அடிக்குது. அந்த டீசல் வண்டியில போயிட்டு வந்தா நல்லா இருக்கவனுக்கே கொடலு கலங்கும். சொந்தமா ஒரு பெட்ரோல் வண்டி எடுத்துருவோம். பெரிய வண்டியாப் பாத்து. மதுர இல்லாட்டி வேலூருக்குப் போவோம்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு பாட்டம் அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே போனை எடுத்துக் கார் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எத்தனையோ வண்டிகளைப் பார்த்து, கடைசியில் இரண்டில் வந்து நின்றது. இரண்டும் பெட்ரோல், இரண்டும் ஓரளவு பெரிய உயரமான வண்டிகள், விலையும் ஏறக்குறைய ஒன்று. ஒன்று வெள்ளை, மற்றது சாம்பல். வீட்டில் நிறத்தை வைத்தே பேசிக்கொண்டோம். வெள்ளையில் பின்பக்கம் விசாலம், சீட்டு நன்றாகச் சாயும், கூரை பூராவும் கண்ணாடி. சாம்பலில் பின்பக்கம் கொஞ்சம் நெருக்கடிதான். ஆனால் அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறிக்கொள்ளும், ஓட்டுகிறவர் சீட்டு வாகாக இருக்கும், சுற்றிலும் கேமரா. தினமும் சாயங்காலம் ஃபெலிக்ஸ் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யூடியூப்பில் யார் யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி மூச்சு விடாமல் பேசுவார்கள். இன்றைக்கு வெள்ளைதான் என்று படுப்பவர் காலையில் சாம்பலுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டு எழுந்திருப்பார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் ஆளுக்கு ஒரு யோசனை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற எங்கள் மகள் ஷீலா ஒருநாள் போனில் பொறுமையிழந்துவிட்டாள். “ரெண்டும் ஒண்ணுதாம்ப்பா. எதையாவது எடுத்துட்டு அம்மாகிட்ட உக்காந்து பேசுங்க” என்றாள். இவர் அவளிடம் டிக்கி எத்தனை லிட்டர் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

நான் சாம்பல் கட்சி. அதற்கான காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது என்பதால் நிறம் பிடித்திருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தேன். அவருக்கு இடது முழங்கால் சரியில்லை, கிளட்சை மிதித்து மிதித்து ஓட்டினால் ராத்திரி தைலம் தேய்க்க ஆள் வேண்டும். ரிவர்ஸ் எடுப்பதில் மன்னன். குழந்தைவேலு அண்ணன் காரை இவர் வாங்கி ஓட்டிக்கொண்டு போய்ச் செக்காலைக் கோயில் சுவரில் உரசியது ஈஸ்டர் அன்றைக்கு, ஊரே பார்த்தது. நான் கூட இருந்தால் “லெஃப்ட், லெஃப்ட், போதும்” என்று கத்துவேன். நான் இல்லாவிட்டால் அந்த வேலையைக் கேமரா பார்க்கும். ஷீலாவைப் பார்க்கக் கோயம்புத்தூர் வரைக்கும் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போகவேண்டும், தனியாகத்தான் திரும்ப வேண்டும். பின் சீட்டில் எனக்கு இன்னும் எத்தனை நாள் வேலை? முன் சீட்டில் அவருக்கு இருபது வருஷம் இருக்கிறது. இதையெல்லாம் நான் வேலை பார்த்த தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து அடுத்தவர் மணியார்டருக்கு முத்திரை குத்துகிற மாதிரிதான் யோசித்தேன். யோசித்து முடித்த பிறகு கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை.

ஒருநாள் ரசம் சாதம் பிசைந்துகொண்டே, “வண்டி ஒன் பேர்லதான்” என்றார். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். கல்யாணமான புதிதில் வாங்கிய கேஸ் இணைப்பிலிருந்து, ஸ்கூட்டர், மனைக்கட்டு வரைக்கும் எல்லாம் என் பேரில்தான். பெல்சி கை ராசி என்று அவர் அம்மா ஆரம்பித்து வைத்தது.

“வேணாங்க. ஒங்க பேர்ல எடுங்க.”

“ஏன்? எப்பவும் ஒன் பேர்லதான எடுக்குறோம்.”

“என் பேர்ல எடுத்தீகன்னா பெறகு பேர் மாத்தணும். வாரிசுச் சான்றிதழ் வாங்கணும், ஆர்டிஓ ஆபீசுக்கு நடக்கணும். ஒங்களால அதெல்லாம் அலைய முடியாது.”

பிசைந்த கை நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார்; குழாய் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அங்கிருந்தே குரல் வந்தது. “வெள்ளையில வீல்சேர மடிச்சு வச்சா பின்னால நிக்குமான்னு பாக்கணும் பெல்சி. அத இன்னும் பாக்கல.” எனக்கு வந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் பாவமாக இருந்தது. வண்டி இன்னும் முடிவாகவில்லை என்றால், பிரயாணம் இன்னும் பாக்கி இருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நான் அதையும் அல்லவா பிடுங்கப் பார்த்தேன்.

அதனால்தான் சனிக்கிழமை, “இன்னைக்கு முடிச்சிருவோம், ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம், நீயும் வா” என்று அவர் கூப்பிட்டபோது மறுக்கவில்லை. மத்தியானம் வருவதாகச் சாம்பல் வண்டிக்காரர்களிடமும் சொல்லி வைத்திருந்தார். கதவை அளந்து முடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையை வலது ஓரம் போட்டு, என்னைக் கைத்தாங்கலாக ஏற்றிப் படுக்கவைத்தார். பாண்டீஸ்வரி முன்னால் அவர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள். “மானகிரி வரைக்கும் போயிட்டு வரலாம் சார், ரோடு நல்லா இருக்கும்” என்றாள். மதுரைக்குப் போகிற அதே ரோடு.

வண்டி நல்ல வண்டிதான், பொய் சொல்லக் கூடாது. சத்தமே இல்லை. கண்ணாடிக் கூரைக்கு மேல் மின்கம்பிகளும் வேப்பங்கிளைகளும் போய்க்கொண்டிருந்தன. ஊர் தாண்டியதும் வெறும் வானம். ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது தலையணை நழுவி, தலை கதவுப் பக்கம் சரிந்தது. கை தன் போக்கில் தலைமாட்டில் துழாவியது. வழக்கமாக அங்கே அவர் பேண்ட் துணி இருக்கும், அதைப் பிடித்துக்கொள்வேன். புது சீட்டின் வழுவழுப்புத்தான் கைக்கு அகப்பட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக இரண்டு வண்டிகளையும் பிரித்து மேய்ந்தோம். மைலேஜ் பார்த்தோம், சாய்வு பார்த்தோம், வீல்சேருக்கு இடம் பார்த்தோம். சொந்த வண்டி என்றால் அவர்தான் ஓட்டவேண்டும், அவர் ஓட்டினால் அந்த மடி முன்னால் போய்விடும் என்பது கணக்கு வாத்தியாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. வெள்ளையானால் என்ன, சாம்பலானால் என்ன, இரண்டிலும் நான் தனியாகத்தான் படுத்திருப்பேன். சிரிப்புத்தான் முதலில் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

“எப்படி இருக்கு பெல்சி? குலுக்கல் இல்லைல?” என்று முன்னாலிருந்து கேட்டார்.

“இல்லங்க. நல்லா இருக்கு.”

“கண்ணாடியில ஒன்னையத் தெரியலையே.” ஒரு கையால் உள்கண்ணாடியைத் திருப்பினார். மேலே தூக்கினார், கீழே இறக்கினார்.

“படுத்திருந்தா தெரியாது சார்” என்றாள் பாண்டீஸ்வரி.

வண்டி கொஞ்ச தூரம் போனது. பிறகு, “பெல்சி” என்றார்.

“இங்குட்டுத்தான இருக்கேன்.”

மறுபடியும், “பெல்சி.” இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. நான் பதில் சொல்வதற்குள் வண்டி வேகம் குறைந்து, இண்டிகேட்டர் போட்டு, ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கி நின்றது.

“என்ன சார், வண்டியில ஏதும் பிரச்சனையா?” என்று பாண்டீஸ்வரி பதறினாள். அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினார். தன் கதவை மூடக்கூட இல்லை. என் தலைமாட்டுக் கதவைத் திறந்து, தலைக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி, தலையணையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார். தலையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் அளந்ததெல்லாம் சரிதான். முழங்கால் இடிக்கவில்லை, எனக்குக் காலை நீட்டவும் இடம் இருந்தது.

“டாக்டர் சொன்னது கேட்டுச்சு பெல்சி” என்றார். “அன்னைக்கே கேட்டுச்சு.”

அவர் வயிறு குலுங்குவது என் காதுக்குத் தெரிந்தது. நான் கையை உயர்த்தி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். சாம்பல் வண்டியைப் பற்றி அன்றைக்கு அவரிடம் பேசவேண்டும் என்று வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பாண்டீஸ்வரி ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். உடனே முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டு நேராக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அவள் கையில் போன் அடித்தது; அமுக்கிவிட்டாள். மடியில் ஒருக்களித்துப் படுத்திருந்த எனக்கு இரண்டு முன் சீட்டுகளுக்கும் நடுவே பாதி ஸ்டியரிங் தெரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. மூடாத கதவுக்காக வண்டி விட்டுவிட்டு மணியடித்தது. அந்த ஆளில்லாத சீட்டுக்கு முன்னால் பச்சையாக ஒரு அம்புக்குறி, இடது பக்கம் திரும்பப் போவதாக, டிக் டிக்கென்று மின்னிக்கொண்டே இருந்தது.