முதல் ‘வேணாம்’

“அப்பா, இருக்கு! பிசினஸ் கிளாஸ்ல ரெண்டு சீட்டும் இருக்கு!” என்று சாப்பாட்டு மேசையில் லாப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டிருந்த லக்ஷ்மிப்பிரியா கத்தியபோது, அவள் அம்மா சீதை குசினியில் தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி ஓடி வந்தாள். ஓடி வந்தாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். இரண்டு வருடத்துக்கு முன் இடது காலில் இரத்தம் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்த நாளிலிருந்து, கொழும்பு வெள்ளவத்தையில் அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குள் அவள் நடப்பதே சுவரைப் பிடித்துக்கொண்டுதான். நெடுந்தூரப் பயணம் போனால் காலை உயர்த்தி நீட்டி வைத்துக்கொள்ள வேண்டும், தொங்கவிட்டால் வீங்கும், மறுபடி கட்டினாலும் கட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது அவள் புருஷன் சத்தியநாராயணனும் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார். தலையைத் தலையை ஆட்டினார்.

சத்தியநாராயணனுக்கு அறுபது முடிகிறது. டொரொன்டோவில் இருக்கும் மகன் விஷ்வா அங்கேயே ஒரு கோயிலில் மண்டபம் எடுத்து, அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வைத்திருந்தான். மாப்பிள்ளை அவர். பெண் வேறு யார், சீதைதான். புதுத் தாலி, புதுக் கூறைப்புடவை, மாலை, மேளம் எல்லாம் முதலிலிருந்து. பயணம் மட்டும் அப்பாவின் பொறுப்பு. லக்ஷ்மிப்பிரியாவுக்கு விசா கிடைக்கவில்லை, போவது இவர்கள் இருவர்தான். அதற்குத்தான் அவர் பன்னிரண்டு வருடமாக, கார்டில் செலவழிக்கச் செலவழிக்க இலவச டிக்கெட்டுக்காக ஏறுகிற மைல்ஸைச் சேர்த்தார்.

சேர்த்த கதையைச் சொன்னால் சிரிப்பதா அழுவதா தெரியாது. புறக்கோட்டையில் குழாய்ச் சாமான் கடை. சரக்கு எடுப்பதெல்லாம் கார்டில். அது போகட்டும், வியாபாரம். சொந்தக்காரர் யார் எதை வாங்கினாலும் மனிதர் குறுக்கே விழுந்துவிடுவார். “நான் கார்ட் போட்டுர்றேன், நீங்க சல்லிய மெதுவா குடுங்க” என்பார். கொழும்புக்கு வந்த சீதையின் நாத்தனார் மகளுக்குச் செட்டியார் தெருவில் நகை எடுத்தாலும் சரி, கொட்டாஞ்சேனைச் சித்தப்பா வீட்டுக்குப் பிரிட்ஜ் வாங்கினாலும் சரி, அவருடைய கார்ட்தான் முதலில் நீளும். அவர் நீட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு போன் போட்டு, குசலம் விசாரித்து, மெல்ல இழுத்து, அந்தச் சல்லியைக் கேட்டு வாங்குவது சீதையின் வேலை. அவள் தம்பி இறந்தபோது ஆஸ்பத்திரி பில்லைக்கூட இவர் கார்டில் போட்டார். எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு, தம்பி பெண்சாதியிடம் போய் அதைக் கேட்டவளும் அவள்தான். அந்தப் பெண் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள். இன்றைக்கும் சீதையைக் கண்டால் முகத்தைப் பார்ப்பதில்லை.

“உனக்காகத்தானடி” என்பார் அப்போதெல்லாம். “ஒரு நாளைக்கு உன்னைய ராணி மாதிரி பிளேன்ல படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போறேன் பாரு.”

சீதை நம்பினாள். பக்கத்து வீட்டு யோகேஸ்வரியிடம் சொல்லியும் வைத்தாள். “அந்த சீட்டு கட்டில் மாதிரி நீளுமாம். காலை நீட்டிப் படுக்கலாமாம்.” யோகேஸ்வரிக்கு உண்மையிலேயே சந்தோஷம். “ஓம் அக்கா, உங்கட காலுக்கு அதுதான் சரி. அண்ணை உங்களை நல்லாத்தான் பாக்கிறார்” என்றாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு கட்டில்களும் லாப்டாப்பில் வந்து நின்றன. சீதை மகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள். அவ்வளவுதான். அதற்கே மகளின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானத் தூக்கம் கலைந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சத்தியநாராயணன் வந்தார். லாப்டாப்பைப் பார்க்கவில்லை. சுவர்க் கலண்டரைப் பார்த்தார்.

“மணி என்ன?”

“நாலரை தாண்டிருச்சு அப்பா. போடட்டா?”

“ராகுகாலம் ஆரம்பிச்சிருச்சு. ஆறு மணிக்கு மேல போடு.”

“ஐயோ அப்பா! இது மைல்ஸ் சீட். வேற யாராச்சும் புடிச்சிருவாங்க. போயிரும்.”

“கல்யாணத்துக்குப் போற டிக்கெட்ட ராகுகாலத்துலயா போடுவாங்க? நம்மளுக்குன்னு இருந்தா நம்மளுக்குத்தான்.”

கடைக்கு வரும் கொள்கலனைக்கூட ராகுகாலத்தில் இறக்கவிடாத மனிதர். துறைமுகத்தில் தாமதக் கட்டணம் ஏறினாலும் அசைய மாட்டார். அவரிடம் போய் யார் வாதாடுவது? சீதைக்கும் உள்ளூரப் பயம்தான், தாலி கட்டுகிற காரியமாயிற்றே. மூவரும் தேத்தண்ணீர் குடித்தார்கள். கடற்கரை ரயில் ஒன்று போனது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆறு அடித்ததும் லக்ஷ்மிப்பிரியா மறுபடி திறந்தாள். திறந்தவள் பக்கத்தை மேலும் கீழும் உருட்டினாள்.

“என்னடி?” என்றார் சத்தியநாராயணன்.

“ஒண்ணுதான் காட்டுது.”

“நல்லாப் பாரு.”

“நல்லாத்தான் பார்க்கிறேன். ஒண்ணு போயிருச்சு. வேற நாள் பார்ப்போமா?”

“நாள் பார்த்துக் குறிச்சாச்சு. மாத்தக்கூடாது.”

பிறகு ஒரு மௌனம். யாரும் சீதையைப் பார்க்கவில்லை, ஆனால் அந்த மௌனம் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் அந்த மாதிரி மௌனங்களை நிரப்பிப் பழகிய வாய் தானாகவே திறந்தது.

“நீங்க முன்னாடி போங்க. எனக்கு எதுக்கு அதெல்லாம், வேணாம். நான் பின்னாடி உட்கார்ந்து வர்றேன்.”

“அப்ப சரி,” என்றார் சத்தியநாராயணன். “எனக்கு முன்னாடி ஒண்ணு, அம்மாவுக்குப் பின்னாடி ஒண்ணு போட்டுரு.”

முடிந்துவிட்டது. ஆறு அடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பந்தியில் இன்னொரு தோசை வைக்க வந்தால் முதலில் ‘வேணாம்’ என்போம். யாராவது சட்டென்று தட்டை எடுத்துக்கொண்டு போகிறார்களா? கதிரையை விட்டுக் கொடுத்தால் ‘பரவாயில்ல, நீங்க இருங்க’ என்போம். கொடுத்தவர் திரும்ப உட்கார்ந்துவிடுகிறாரா? இரண்டாம் தடவை கேட்பார்கள், மூன்றாம் தடவை கையைப் பிடித்து இழுப்பார்கள். அப்புறம்தான் பேச்சு. இது சீதைக்குத் தெரியும், லக்ஷ்மிப்பிரியாவுக்குத் தெரியும், வெள்ளவத்தைக் கோயிலில் பிரசாதம் வாங்குகிற குழந்தைக்கும் தெரியும். சத்தியநாராயணனுக்குத் தெரியாதா? கடைக்கு வருகிறவன் ‘வேணாம் முதலாளி’ என்று படியிறங்கினால், “மல்லி, மெஹெ என்ட!”, தம்பி இங்கே வா என்று சிங்களத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, சோடா உடைத்துக் கொடுத்து, குழாயைத் தலையில் கட்டி அனுப்புகிறவர். வியாபாரத்தில் ஒரு மனுஷனின் முதல் ‘வேணாம்’-ஐ அவர் வாழ்நாளில் நம்பியதில்லை. பெண்டாட்டியின் ‘வேணாம்’-ஐ மட்டும் அட்சரம் பிசகாமல் நம்பிவிட்டார்.

சீதைக்கு அவர் மேல் கோபம். அதைவிடத் தன் வாய் மேல்தான் கோபம். எவள் உன்னைப் பேசச் சொன்னாள்? அவரே சொல்லட்டும் என்று ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் என்ன? பொறுத்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்றும் யோசித்தாள். அந்த யோசனையை அவள் மேலே கொண்டுபோகவில்லை.

யோகேஸ்வரி கேட்டபோது, “அவருக்குத்தான் முதுகுவலி” என்று சொல்லிச் சமாளித்தாள். “அப்ப உங்கட கால்?” என்று கேட்டுவிட்டாள் அந்தப் பாவி. சீதை கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போகிற மாதிரி போய்விட்டாள்.

புறப்பட ஒரு கிழமை இருக்கையில் லக்ஷ்மிப்பிரியா துள்ளிக்கொண்டு வந்தாள். அவள் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள். “அம்மா, சீட் ஒண்ணு விழுந்திருக்கு! யாரோ கேன்சல் பண்ணியிருக்காங்க. அப்பாகிட்ட மைல்ஸும் மிச்சம் இருக்கு.” அங்கேயே கடைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். அந்தப் பக்கம் இரும்பு உருளும் சத்தம், யாரோ சிங்களத்தில் விலை கேட்கும் சத்தம்.

“அப்பா, அம்மாவுக்கும் முன்னாடி சீட் கிடைச்சிருச்சு. மாத்திரட்டா? கோட் ஒண்ணு வரும், சொல்லுங்க.”

“எவ்வளவு மைல்ஸ் போகும்?”

சொன்னாள்.

“அது கிடக்கட்டும். சைனாவுல டிரேட் ஃபேருக்குப் போகணும்ல, அதுக்கு வச்சிருக்கேன். அம்மாதான் அன்னைக்கே வேணாம்னுட்டாளே.”

இப்போது ராகுகாலமும் இல்லை, சீட் இல்லை என்கிற சாக்கும் இல்லை. லக்ஷ்மிப்பிரியா போனைக் கையால் மூடிக்கொண்டு, கண் கலங்க அம்மாவைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்கம்மா. கால் முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கேட்டா தருவாரு.”

கேட்டால் தருவார். அது சீதைக்கும் தெரியும். கேட்பது அவளுக்குப் புதிதா? ஊரெல்லாம் கேட்டவள், தாலியறுத்த தம்பி பெண்சாதியிடம் கேட்டவள். எல்லோரிடமும் இவருக்காகக் கேட்டுக் கேட்டே தேய்ந்துபோன வாய், இவரிடம் இதைக் கேட்க மட்டும் மறுத்துவிட்டது.

“போனை வை” என்றாள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எல்லாம் முடிந்து உள்ளே போனதும், சத்தியநாராயணன் பிசினஸ் கிளாஸ்காரருக்கான லவுஞ்சைத் தேடிக் கண்ணை ஓட்டினார். “உன்னைய அங்க விட மாட்டாங்களாம். கேட்டுப் பார்த்தேன்” என்றார். யாரிடம் கேட்டார், எப்போது கேட்டார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். தோளில் மாட்டியிருந்த துணிப்பையைக் கழற்றி அவள் மடியில் வைத்தார். கூறைப்புடவையும் தாலிப் பெட்டியும் இருந்த பை. “இது உன்கிட்டயே இருக்கட்டும். தரையில கிரையில வச்சிராத, தாலி இருக்கு.” சொல்லிவிட்டு, புதுச் சப்பாத்து கிறீச்சிட நடந்தார். மாப்பிள்ளை நடைதான், சும்மா சொல்லக்கூடாது.

விமானத்தில் ஏற முதலில் அவரைக் கூப்பிட்டார்கள். கடைசியாக இவளைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு நடு சீட். இந்தப் பக்கம் ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு உலகத்தை மறந்திருந்தான், அந்தப் பக்கம் ஒருவர் ஏறியவுடனேயே குறட்டை. முன்னால், அவர் இருக்கும் பக்கத்தை மறைத்து நீலத் திரை ஒன்றை இழுத்துவிட்டார்கள். பையை மடியில் வைத்திருக்கக் கூடாது, முன் சீட்டுக்குக் கீழே தள்ளுங்கள் என்று பணிப்பெண் வந்து சொன்னாள். சீதை இரண்டு தடவை மன்றாடிப் பார்த்தாள், பிறகு தள்ளினாள். மனசுக்குள் அம்மனிடம் ஒரு மன்னிப்பும் கேட்டாள்.

விமானம் மேலே ஏறிக் கொஞ்ச நேரத்தில் கால் ஆரம்பித்தது. முதலில் ஒரு கனம், பிறகு கெண்டைக்காலில் உள்ளேயிருந்து யாரோ முறுக்குகிற மாதிரி. செருப்பு வார் சதையில் பதிந்தது. குனிந்து தடவினாள். இன்னும் எவ்வளவு தூரம் இருக்கிறது, நடுவழியில் இறங்கி மாறி அதைவிடப் பெரிய தூரம் போக வேண்டும் என்று நினைத்தபோது கண்ணில் நீர் முட்டியது.

அப்போது திரை விலகியது. சத்தியநாராயணன் வந்தார். காலில் அவர்கள் கொடுத்த மெத்தைச் செருப்பு, முகத்தில் குளித்தெழுந்த பளபளப்பு. கையில் வெள்ளித் தாள் சுற்றிய சின்னப் பொட்டலம்.

“பாதாம். சூடா குடுக்கிறாங்க. உனக்குத்தான் கொண்டாந்தேன்.”

“வேணாம்” என்றாள் சீதை.

“அட, புடி.”

“வேணாங்க. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு வேணாம்.”

அந்த வார்த்தையை அவள் அவ்வளவு மனதாரச் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் நம்பவில்லை. சிரித்தார். “உன்னையப் பத்தி எனக்குத் தெரியாதா?” என்று பொட்டலத்தை அவள் மடியில் போட்டுவிட்டு, மெத்தைச் செருப்பு சத்தமில்லாமல் இழுபடத் திரும்பிப் போனார். திரை மூடிக்கொண்டது.

மடியில் கிடந்த பொட்டலம் கொஞ்ச நேரம் சூடாக இருந்தது. பிறகு ஆறிவிட்டது. சீதை அதை எடுத்துப் பக்கத்துப் பையனிடம் நீட்டினாள். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவள் மறுபடி நீட்டினாள், வாங்கிக்கொண்டான்.

அப்புறம் குனிந்து, முன் சீட்டுக்குக் கீழே கிடந்த துணிப்பையை இழுத்தாள். நிமிர்த்தி வைத்தாள். இடது கால் செருப்பைக் கழற்றினாள். ஒரு தடவை திரையைப் பார்த்தாள். பிறகு வீங்கிய காலைத் தூக்கிப் பையின் மேல் வைத்தாள். குதிகாலுக்குக் கீழே பட்டு மெத்தென்று அமுங்கியது. நடுவில் அந்தச் சின்னப் பெட்டி மட்டும் உறுத்தியது. பையைக் கொஞ்சம் திருப்பி வைத்துவிட்டு, காலை மறுபடி நீட்டினாள்.