மேடைக்கு இடப்பக்கம்

சப்பாத்தைக் கழற்றாமல் வாசற்படி ஏறுகிறவர்களை றஜிதா நம்பமாட்டாள். அதற்காக அவளைக் குறைசொல்ல முடியாது. அவளுடைய சின்ன வயதில் உட்துறைமுக வீதியிலிருந்த அந்த வீட்டுக்குள் சப்பாத்தோடு வந்தவர்கள் ஒருவரும் விருந்துக்கு வந்தவர்கள் அல்லர். கட்டிலைப் புரட்டினார்கள், அலுமாரியைக் குடைந்தார்கள், ஒரு தடவை அவளுடைய தகப்பனையும் கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பி வந்தார். பழைய மனிதராக வரவில்லை. மற்றபடி எவ்வளவு பெரிய ஆள் என்றாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தானே உள்ளே வருவார்? ஆகவே அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒருவன் துடைத்து மினுக்கிய கறுப்புச் சப்பாத்தோடு வந்து படியில் நின்றபோது, அவள் கதவில் வைத்த கையை எடுக்கவில்லை.

"உப்புக்காற்று குழுவின்ர படத்தைத் திருத்தினது நீங்கள்தானே அக்கா?"

ஆம், அவள்தான். ரியூட்டரியில் கொம்பியூட்டர் படிப்பிக்கிற றஜிதாவுக்கு உப்புக்காற்று இசைக்குழு என்றால் பைத்தியம். சமாதான காலத்தில், இரண்டாயிரத்து மூன்றில், கடற்கரையில் அவர்கள் நடத்திய கச்சேரியைக் கலியாணவீடுகளுக்கு வீடியோ பிடிக்கும் ஸ்டூடியோக்காரர் ஒருவர் படமெடுத்திருந்தார். கடையை மூடும்போது, பூஞ்சணம் பிடித்த அந்தக் கசெற்றை "உனக்குத்தான் இது சரி" என்று அவளிடம் தந்தார். அவள் நாடாவைப் பஞ்சால் ஒற்றித் துடைத்தாள். கொம்பியூட்டரில் ஏற்றினாள். பாசி பிடித்ததுபோலப் பச்சையாய்க் கிடந்த பாடகர்களுக்கு மனித நிறம் கொடுத்தாள். இரைச்சலைக் குறைத்தாள். ஒரு வருசம் வீட்டில் ஒழுங்கான கறி இல்லை என்று புருசன் ஹெக்டர் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவான்.

பிறகு ரசிகை கத்தரிக்கோலை எடுத்தாள். பிரமுகர்களின் பேச்சு போயிற்று. மைக் கீச்சிட்ட இடங்கள் போயின. சனத்தைக் காட்டிய பகுதிகள் முழுவதும் போயின. ஆனால் சனத்தை வெட்டியது ரசனைக்காக அல்ல, பயத்துக்காக. மேடைக்கு இடப்பக்கம், ஸ்பீக்கர் பெட்டியடியில், அவளுடைய தம்பி அஞ்சலோ இரண்டு சிநேகிதர்களின் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரிக்கிறான். அந்த இருவரும் பிறகு இயக்கத்துக்குப் போனார்கள். அஞ்சலோ போகவில்லை. இன்றைக்கு லொறி ஓட்டிப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறான். ஆனால் படத்தைப் பார்க்கிற புலனாய்வுக்காரனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? தோளில் கை இருந்தால் இருந்ததுதான்.

படத்தை இணையத்தில் போட்டதும் ரொறொன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கண்ணீரும் முத்தமுமாய் வந்து குவிந்தன. அவற்றுக்கு நடுவே, முகப்படம் இல்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு கேள்வி: "மேடைக்கு இடப்பக்கம் நின்ற சனத்தை ஏன் வெட்டினீங்கள்?" அவள் அதை அழித்தாள். மறுநாள் திரும்ப வந்தது: "வெட்டினது கைவசம் இருக்கோ?" இப்போது கேள்வியே சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டது.

"நீங்கள் ஆர்?" என்றாள் றஜிதா.

"சிவரூபன். சம்பூர்." அவன் ஒரு கையால் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். நாற்பது வயது இருக்கும். "நான்தான் எழுதினனான். அந்த வெட்டின பகுதியை ஒருக்காப் பாக்கேலுமோ? பெட்டியடியில நிண்ட சனம்."

"அதில என்ன பாக்கிறதுக்கு இருக்கு?"

"ஒரு ஆளைப் பாக்கோணும்."

"ஆரை?"

அவன் நிலத்தைப் பார்த்தான். "தெரிஞ்ச ஒராள்தான்."

முகப்படம் இல்லாமல் எழுதின ஆள், பெயர் சொல்லாத இன்னொரு ஆளைத் தேடுகிறது போல அவளுக்குப் பட்டது. சிவரூபன் என்ற பெயரும் உண்மையோ யார் கண்டது? சோதித்துப் பார்க்க நினைத்தாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ள வந்து கதிரையில இருங்கோவன்."

"வேண்டாம் அக்கா. நான் இதிலயே நிக்கிறன்."

அவ்வளவுதான், அவள் முடிவெடுத்துவிட்டாள். "அந்தப் பகுதி பூஞ்சணம் பிடிச்சுப் பழுதாப்போச்சு. ஒண்டும் இல்லை."

"பழுதானாலும் பரவாயில்லை. முகம் தெரியாட்டிலும் எனக்குக் காணும்."

முகம் தெரியாமலே ஆளைப் பிடிக்கிறவனா! "இல்லையெண்டா இல்லைத்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த ஹெக்டர் அவனை ஒழுங்கையில் கண்டிருந்தான். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதுபோல அவனும் சொன்னான்: "நடையைப் பாத்தனியோ? முழங்கால் மடியேல்ல. பயிற்சி எடுத்தவன்ர நடை. எங்கட வீடு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

அதை அவளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். அஞ்சலோவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவன் பாவம், நித்திரை கொள்ளட்டும். பொழுது சாய முன்னரே குசினிக்குப் பின்னால் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கி நெருப்பு மூட்டினாள். பஞ்சால் ஒற்றித் துடைத்த அதே நாடாவைச் சுருள்சுருளாய் இழுத்து நெருப்பில் போட்டாள். கொம்பியூட்டரில் சனத்தின் முகம் இருந்த துண்டு ஒவ்வொன்றையும் தேடி அழித்தாள். பெற்ற பிள்ளைக்குத் தானே நஞ்சு வைத்ததுபோல இருந்தது அவளுக்கு. அழுதாள். ஆனால் தம்பியா, படமா என்று வந்தால் கேள்வியே இல்லை.

அதற்குப் பிறகு வாசலில் மோட்டார்சைக்கிள் நின்றால் யன்னல் திரை விலகியது. ஊருக்குள் திரிகிற மான் ஒன்று மதிலோரம் குப்பையைக் கிளறியதற்கும் விலகியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. கொஞ்ச நாளில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. பின்னால் சிவரூபன் இருந்தான். அவன் இறங்கவில்லை. மெலிந்த பெண் ஒருத்தி இறங்கி, படியடியில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு மேலே வந்தாள்.

"அக்கா, நான் ஜெயரூபி. அவர்ர மனிசி. தம்பலகாமம்தான் என்ர ஊர். அவருக்கு விசயத்தைச் சொல்ல வெக்கம். அதுதான் நான் வந்தனான்."

"என்ன விசயம்?" றஜிதா கதவைப் பாதிதான் திறந்திருந்தாள்.

"அந்தக் கச்சேரியில அவர் ஆடினவராம். மூதூரால லோஞ்சில கடல் கடந்து வந்து, பெட்டியடியில நிண்டு பைலா ஆடினவராம். அவர் தேடுற ஆள் வேற ஆருமில்லை, அவர்தான்."

"தன்னையே பாக்கிறதுக்கு இவ்வளவு பாடோ?"

ஜெயரூபி ஓட்டோப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "ரெண்டாயிரத்தாறில செல் விழுந்து வெடிச்சு இடக்கால் போட்டுது அக்கா. முழங்காலுக்கு மேல. அதுக்குப் பிறகுதான் கலியாணம். அவருக்கு ரெண்டு காலும் இருந்த காலத்தில நான் அவரைக் கண்டதே இல்லை. சண்டை வந்தா, நான் ஆடினனான் தெரியுமோ எண்டுவார். ஓமோம், ஆடினீங்கள் எண்டு நானும் பகிடி பண்ணிப்போடுவன். அதுதான் காட்டோணும் எண்டு நிக்கிறார்."

"அண்டைக்கு ஏன் உள்ள வரேல்ல?"

"சப்பாத்தைக் கழட்டச் சொன்னீங்களாம். கழட்டினா பொய்க்காலும் சேர்ந்தெல்லோ வரும்? பிறத்தியார் வீட்டில அவர் கழட்டமாட்டார். இந்த வீட்டைக் காட்டினது உங்களுக்குக் கசெற் தந்த ஸ்டூடியோ ஐயாதான்."

றஜிதா கதவை முழுவதும் திறந்தாள். மடியாத முழங்கால், நிலையைப் பிடித்த கை, முகம் தெரியாட்டிலும் காணும் என்ற பேச்சு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முகத்தில் அறைந்தன. கடைசியில், "எரிச்சிட்டன்" என்றாள். "பூஞ்சணம் எண்டது பொய். நான் அவரைப் புலனாய்வு எண்டு நினைச்சன். எல்லாத்தையும் எரிச்சிட்டன் தங்கச்சி."

ஜெயரூபி ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி அக்கா, என்ன செய்யிறது" என்று திரும்பிச் செருப்பில் காலை நுழைத்தாள்.

அந்தக் காலைப் பார்த்தபோதுதான் றஜிதாவுக்கு நினைவு வந்தது. இரண்டாவது பைலாப் பாட்டின் நடுவில், வீடியோக்காரர் நிறுத்த மறந்து, கமராவைக் கையில் தொங்கப்போட்டபடி மேடையிலிருந்து இறங்கிப் பெட்டியடிக்கு நடக்கிறார். மணலும் சனத்தின் கால்களும்தான் தெரியும். அந்த இடத்தில் பாட்டின் ஒலி சுத்தமாக இருந்தபடியால் ஒலியை வைத்துக்கொண்டு, அதற்கு மேலே பாடகரின் படத்தைப் போட்டு மறைத்திருந்தாள். முகம் இல்லாத துண்டு. அதனால் அவள் அதை அழிக்கவில்லை.

"நில்லுங்கோ!" என்று கத்தியபடி அவளே ஓட்டோவடிக்கு ஓடினாள். "தம்பி, புலனாய்வு எண்டு நினைச்சிட்டன், உள்ள வாங்கோ. சப்பாத்தோடயே வாங்கோ."

சிவரூபன் தயங்கினான். படியில் சப்பாத்தை மூன்று நான்கு தடவை தேய்த்துத் துடைத்தான். "செல்லுக்குக் காலைக் குடுத்த சம்பூரான் என்னையோ புலனாய்வு எண்டு நினைச்சீங்கள்?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு அவனை இருத்தினாள். சப்பாத்துக் காலொன்று முன்னே நீட்டிக்கொண்டு நின்றது.

மேலே போட்ட படத்தை விலக்கிவிட்டுத் துண்டை ஓடவிட்டாள். பாட்டு எழும்பியது. மணல் ஆடியது. செருப்புக் கால்கள், கொலுசுக் கால்கள், சாரத்தை மடித்துக் கட்டிய கால்கள். பிறகு காற்சட்டையை முழங்கால்வரை உருட்டிவிட்ட இரண்டு வெறுங்கால்கள், கடல்நீர் காயாமல், மணலை வாரி இறைத்துக்கொண்டு துள்ளின.

"அந்தா, அதுதான் நான்!" சிவரூபன் கதிரையிலிருந்து எழும்பப் பார்த்தான்.

"காற்சட்டை உருட்டினவை நாலுபேர் நிக்கினம்" என்றாள் ஜெயரூபி. "உங்கட கால் எண்டு ஆர் சொன்னது?"

அவன் திரும்பக் கதிரையில் சாய்ந்தான். முகம் இருந்திருந்தால் ஒரு கேள்வியும் வந்திராது. அந்த முகத்தை எரித்தவள் பக்கத்தில் நின்று தன் கையைத் தானே பிசைந்துகொண்டிருந்தாள். அவளால் செய்ய முடிந்தது ஒன்றுதான். துண்டைத் திருப்பி, அந்தக் கால்களைப் பெரிதாக்கி, மெதுவாக ஓடவிட்டாள்.

ஜெயரூபி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். வலக்காலின் இரண்டாம் விரல் பெருவிரலின்மேல் ஏறிக் கிடந்தது. அந்தக் காலை அவளுக்குத் தெரியும். பாரம் முழுவதையும் ஒற்றையாய்ச் சுமந்து வீங்கிப்போகும் அந்தக் காலுக்கு அவள் கலியாணம் முடித்த நாளிலிருந்து எண்ணெய் தேய்த்து வருகிறாள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஓம்" என்றாள். "இது இவர்தான்."

பாட்டு முடிந்து படம் நின்றது. சிவரூபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயரூபியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"அக்கா, இன்னொருக்காப் போடுங்கோ," என்றாள். "இந்தமுறை மற்றக் காலைப் பாக்கப்போறன்."