கத்துகிற தாய்

1987 பனி மாரியில், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற வெளிநாட்டு நகர்ப்பகுதியிலிருந்த ஒரு தேவாலயம் தன் மண்டபத்தில் அகதிகள் சிலருக்கு இடம் கொடுத்திருந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்த றோசலினும் அவளுடைய ஆறு வயது மகள் மெற்றில்டாவும் அங்கேதான் தங்கினார்கள்.

மண்டபச் சுவரில் பெரிய ஓவியம் ஒன்று தொங்கியது. முந்நூறு வருடத்துக்கு முந்திய இத்தாலிய ஓவியத்தின் பிரதி என்று பாதிரியார் சொல்லியிருந்தார். பெத்லகேமில் ஏரோது அரசனின் சேவகர்கள் குழந்தைகளைக் கொல்லும் காட்சி. வரைந்தவர் சேவகர்களுக்குத் தன் காலத்துப் படையாட்களின் இரும்புச் சட்டையையே மாட்டியிருந்தார். சுற்றிவர இருட்டு. வெளிச்சமெல்லாம் ஒரு தாயின் திறந்த வாயில் விழுந்தது. ஒருவன் அவள் குழந்தையைக் காலில் பிடித்துத் தூக்கியிருந்தான். அவள் அவனுடைய முகத்தைப் பிறாண்டிக்கொண்டிருந்தாள்.

வந்த நாளிலிருந்து மெற்றில்டா அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதே இல்லை. ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட உட்கார்ந்தவள் தற்செயலாக நிமிர்ந்துவிட்டாள். உடனே மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

"அம்மா, ஆமி." ஊரில் இராணுவத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

றோசலின் கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, கட்டில் விரிப்பொன்றைப் படத்தின் மேல் போட்டாள். திருகோணமலையிலிருந்து தனியாக வந்திருந்த கமலாவதி பகல் முழுவதும் அந்தப் படத்துக்கு முன்னால்தான் இருப்பாள். அவள் பாய்ந்து வந்து விரிப்பின் நுனியைப் பற்றினாள்.

"விடுங்கோ அக்கா. பிள்ளை பயப்பிடுறாள்."

"மூடாதை."

கமலாவதி இழுத்தாள். கதிரை ஆடியது. றோசலின் படத்தின் சட்டத்தைப் பிடித்துக்கொள்ள, சுவரிலிருந்த ஆணி அசைந்து சுண்ணாம்பு உதிர்ந்தது.

"இழுத்தியளெண்டா நானும் படமும் சேந்துதான் விழுவம்!"

"என்ர மகனைக் கொண்டு போகேக்க ஒருத்தன் என்ர வாயைப் பொத்திப் பிடிச்சவன்," என்றாள் கமலாவதி. குரல் உயரவில்லை. "ஜீப் போய் மறையுமட்டும் கையை எடுக்கேல்லை. பேந்து கத்தி என்ன? இவள் கத்துறாள், பார். இவளின்ர வாயை ஆரும் பொத்தேல்லை. நீ பொத்தாதை, பிள்ளை."

றோசலின் விரிப்பை விட்டாள். அது கீழே விழுந்தது. மேசைக்கு அடியில் சிறுமி விம்முவது கேட்டது.

றோசலின் மெல்ல இறங்கினாள். "நான் என்ன செய்ய, அக்கா? என்ர பிள்ளை சாப்பிடுறாளில்லை."

கமலாவதி குனிந்து சிறுமியை வெளியே எடுத்து, அவள் முகம் தன் தோளில் புதையும்படி தூக்கிக்கொண்டாள்.

"சாப்பாட்டுக் கோப்பையளை எடுத்துக்கொண்டு வா. குசினிக்குள்ள இருந்து சாப்பிடுவம்."

சமையலறையில் கமலாவதி ஊட்டிய சோற்றை மெற்றில்டா மறுக்கவில்லை. சிறுமி சாப்பிட்டு முடிந்ததும் கமலாவதி கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் மண்டபத்துக்குப் போனாள். றோசலின் தடுக்கவில்லை. இடையிலிருந்த கதவை மட்டும் மெதுவாகச் சாத்தினாள்.