மடித்துவிட்ட முனை

புதுப் போன் வெளியாகிற நாளில் ஊரே அதை வாங்க வரிசையில் நிற்கும். நான் அதைப் பிரித்துப் போடக் காத்திருப்பேன். அதிலும் விலை உச்சத்தில் இருக்கிற போன் என்றால் கேட்கவே வேண்டாம். வாங்குகிறவன் உறை போட்டு, கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி ஒட்டி, பொத்திப் பொத்திப் பாதுகாக்கிற சாமானை நான் நாற்பது நிமிஷத்தில் குடலை உருவி மேஜையில் பரப்பிவிடுவேன். லட்சம் பேர் அதை நேரலையில் பார்ப்பார்கள். எதற்குப் பார்க்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆறு வருஷத்தில் இருநூற்றுச் சொச்சம் போன் பிரித்தாயிற்று. உள்ளே எல்லாம் ஒன்றுதான். பாதி இடத்தைப் பேட்டரி அடைத்துக்கொள்ளும், மீதியில் ஒரு போர்டு, கேமரா, ஸ்பீக்கர், எங்கே தொட்டாலும் பசை.

எங்கள் சேனலில் பேசுகிறவன் முதலாளி. என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். நான் தம்பி என்பேன், அவன் அண்ணே என்பான். பிரிக்கிறவன் நான். என் முகம் திரையில் வராது, கை மட்டும்தான் வரும். அதனால் பார்க்கிறவர்கள் அவனுக்கு 'வாய்' என்றும் எனக்குக் 'கை' என்றும் பெயர் வைத்துவிட்டார்கள். 'கை அண்ணே, நகத்த வெட்டுங்க' என்று கீழே எழுதுவார்கள். கை பேசக் கூடாதென்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் பேசியதில்லை. பேசுவதற்குத் தெம்பும் இருந்ததில்லை.

என் மனைவி போன் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அவள் பூட்டுகிறாள், நான் பிரிக்கிறேன் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்து செய்து அந்தக் கேலியும் நைந்துபோய்விட்டது. எந்தப் போன் செய்கிறாள் என்று அவள் சொல்ல மாட்டாள். சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள், புருஷனுக்கும் சேர்த்துத்தான். நானும் கேட்டதில்லை. எத்தனையோ கம்பெனிகளுக்குச் செய்து தருகிற இடம் அது.

மாலை நாலரை மணிக்குக் கம்பெனி பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போகும். விடியற்காலை ஐந்துக்கு இறக்கிவிடும். நான் ஏழுக்குக் கிளம்பினால் இரவு எட்டுக்குத் திரும்புவேன். எனக்கு லீவு ஒரு கிழமை, அவளுக்கு வேறு கிழமை. கணக்குப் பார்த்தால் ஒரே கட்டிலில் தினமும் இரண்டு மணி நேரம் சேர்ந்து இருக்கிறோம், இரண்டு பேரும் தூக்கத்தில். மற்றபடி குடித்தனம் நடப்பது ஃபிரிட்ஜ் கதவில். 'பால் தீர்ந்துடுச்சு.' 'குழாய்க்காரர் நாளைக்கு வர்றாராம்.' 'மாத்திரை போட்டீங்களா?' இப்படித் துண்டுச் சீட்டுகள். அவள் ஒட்டிய சீட்டைப் பிய்ப்பது சுலபம். டேப்பின் முனையைச் சின்ன முக்கோணமாக மடித்து, நகத்தால் ஒரு அழுத்து அழுத்தி விட்டிருப்பாள். நான் ஒட்டினால் சுரண்டிச் சுரண்டிக் கதவுப் பெயிண்ட் வரும்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அப்படி ஒரு சீட்டு இருந்தது. 'நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல என் பேர் இருக்காம். மாசக் கடைசில சொல்வாங்க. நிரந்தரம் ஆனா பகல் ஷிஃப்ட் கேக்கலாம். அப்புறம் நாமளும் மனுஷங்க மாதிரி ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்.' அந்தச் சீட்டை மட்டும் நான் குப்பையில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாலு வருஷமாக ஆறு மாசம் ஆறு மாசமாக ஒப்பந்தத்தில் ஓட்டியவள். மாசக் கடைசிவரை தலையைக் குனிந்துகொண்டு இருந்தால் போதும். அங்கே சட்டம் அப்படி. ஒவ்வொருத்தர் முன்னாலும் படம் போட்ட தாள் தொங்கும். தாளில் இருப்பதைச் செய்ய வேண்டும், குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. வசதியாக இருக்கட்டும் என்று ஸ்க்ரூ தட்டை வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் நகர்த்தி வைத்த ஒரு பெண்ணை அந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

இதற்கு நடுவில்தான் இந்த வருஷத்தின் பெரிய போன் வெளியானது. காலை பத்து மணிக்கு நேரலை. மற்ற சேனல்காரர்களுக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று தம்பி முதல் நாளிலிருந்தே காலில் கஞ்சியைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி குதித்துக்கொண்டிருந்தான். எனக்குக் கழுத்து வலி. விளக்கு வெளிச்சத்தில் கண் எரிந்தது. மேஜை விரிப்பை விரித்து, ட்வீசர், ஸ்க்ரூடிரைவர், பிளாஸ்டிக் சில்லு எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன்.

முதல் வேலை எப்போதும் ஒன்றுதான். பெட்டியில் இருக்கிற சீரியல் எண்ணையும் போனுக்குள் இருக்கிற எண்ணையும் கேமராவுக்குக் காட்டுவோம். போலிப் போனை உடைக்கிறார்கள் என்று எவனும் வாய் திறக்கக் கூடாது என்பதற்காக நானே கொண்டுவந்த வழக்கம் அது. காட்டினேன். தம்பி எண்ணைச் சத்தமாக வாசித்தான்.

பின்பக்கக் கண்ணாடியைச் சூடு பண்ணிச் சில்லைச் செருகிக் கழற்றினேன். ஸ்க்ரூ பதினேழு. நீளம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, மாற்றிப் போட்டால் போர்டில் குத்திவிடும். ஒவ்வொன்றாக எடுத்து விரிப்பில் அதனதன் கட்டத்தில் வைத்தேன். போர்டு வந்தது. மூன்று கேமராவும் வந்தன. தம்பி ஒவ்வொன்றையும் பார்த்து "அடேங்கப்பா" என்றான். போன வருஷப் போனுக்கும் அதே அடேங்கப்பாதான்.

அடுத்தது பேட்டரி. எனக்குப் பிடிக்காத இடம். பேட்டரிக்கு அடியில் இழுத்தால் நீண்டு வெளியே வருகிற டேப் ஒட்டியிருப்பார்கள். அதன் முனை பேட்டரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நகத்தில் அகப்படாது. சுரண்டினால் கிழியும். கிழிந்தால் பேட்டரியை நெம்பித்தான் எடுக்க வேண்டும், நெம்பும்போது வளைந்தால் புகையும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படிப் புகைந்து என் இடது கட்டைவிரல் வெந்தது. அன்றைக்கு அவளுக்கு லீவு. வீட்டில் மருந்து போட்டுக் கட்டுக் கட்டினாள். நான் வலியில் கத்தினேன், "முனைய ஒரு அரிசி அளவுக்கு மடிச்சு விட்டா என்ன குறைஞ்சிடும்? எந்தக் கடன்காரன் ஒட்டுறான் இத?" அவள் துணியை முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னாள், "ஒட்டுறவங்களுக்கு ஒரு போனுக்கு இருபத்தி நாலு நொடிதாங்க குடுப்பாங்க." நான் அதற்கும் ஏதோ எரிந்து விழுந்தேன்.

இப்போது விரலைப் பேட்டரி ஓரத்தில் வைத்துத் தடவினேன். சுரண்டத் தயாராக நகத்தை வைத்தேன். சுரண்ட வேண்டியிருக்கவில்லை. முனை தானாகவே நகத்துக்கு வந்தது. பிடித்து மெல்ல இழுத்தேன். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக டேப் நூல் மாதிரி நீண்டு, கிழியாமல், முழுசாக வெளியே வந்தது. பேட்டரி அலுங்காமல் என் உள்ளங்கையில் வந்து விழுந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் என் புத்தி கெட்டது. கை பேசிவிட்டது.

"தம்பி, இங்க பாரேன்! யாரோ முனைய மடிச்சு விட்டிருக்காங்க!" என்றேன். மேஜைக்கு மேலிருந்த கேமராவின் லென்ஸைத் திருகி முனையைத் திரை முழுக்கக் காட்டினேன். "இது மெஷின் பண்ற வேல இல்ல. மெஷினுக்கு இந்தக் கரிசனம் வராது. யாரோ ஒருத்தர், பின்னாடி பிரிக்கப் போறவன் கஷ்டப்படக் கூடாதுன்னு நெனச்சு கையால மடிச்சிருக்காங்க. அவங்க நல்லா இருக்கணும்."

தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "மக்களே, கை பேசிருச்சு!" என்று கூவினான். திரையின் ஓரத்தில் இதயமும் கைதட்டலும் பறந்தன. நான் இன்னும் முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன முக்கோணம். நடுவில் நகத்தால் அழுத்திய ஒரு கோடு.

காலையில்தான் அந்தக் கோட்டைப் பார்த்திருந்தேன், ஃபிரிட்ஜ் கதவில், 'மாத்திரை போட்டீங்களா' என்ற சீட்டில்.

லென்ஸை அவசரமாகப் பின்னால் இழுத்தேன். மீதிப் போனை எப்படிப் பிரித்தேன் என்று தெரியாது. நேரலை முடிந்ததும் தம்பியிடம் போனேன். "அந்த டேப் வர்ற எடத்த வீடியோவுல இருந்து எடுத்துடுப்பா. செஞ்சவங்களுக்கு வேல போயிடும்."

"அண்ணே, விளையாடுறீங்களா? ஓடுறதே அதுதாண்ணே! தனியா வெட்டிப் போட்டாச்சு, அரை மணி நேரத்துல ரெண்டு லட்சம் பேர் பாத்தாச்சு. யாருன்னே தெரியாத ஆளுக்காக ஏண்ணே இப்படி உருகுறீங்க?"

யாரென்று சொல்லியிருப்பேன். சொன்னால் அடுத்த வீடியோ அதுதான். பூட்டுகிற மனைவி, பிரிக்கிற கணவன் என்று தலைப்பு வைத்துவிடுவான். மத்தியானம் மூன்று மணிவரை கெஞ்சிப் பார்த்தேன், அவன் மசியவில்லை. கழுத்து வலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண் போனில் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் கண்ணாடி முன்னால் நின்று அடையாள அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தாள். பகல் வெளிச்சத்தில் என்னை வாசலில் பார்த்ததும் பயந்துவிட்டாள். "என்னங்க, மறுபடியும் கை சுட்டுக்கிட்டீங்களா?"

சொன்னேன். ஒன்றையும் மறைக்காமல், நான் பேசியது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "நம்பரக் காட்டினீங்களா?"

"காட்டினேன்."

நம்பர் இருந்தால் எந்த லைன், எந்த ஷிஃப்ட், எத்தனை மணிக்கு என்றுகூட எடுத்துவிடுவார்கள். அது எனக்கும் தெரியும். அவள் கொஞ்ச நேரம் அடையாள அட்டையின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். "பஸ் வந்துரும்."

"இன்னிக்குப் போகாத. உடம்பு சரியில்லன்னு சொல்லிடு."

"போகாட்டா நாந்தான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழரை மணிக்குக் கதவு திறந்தது. அந்த நேரத்துக்கு அவள் வந்தாள் என்றால் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. திரும்பி வரக் கம்பெனி பஸ் தர மாட்டார்கள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள், முகமெல்லாம் புழுதி.

"கேட்ல கார்டு வச்சேன். செவப்பு எரிஞ்சுது," என்றாள். "உள்ள கூப்பிட்டு உங்க வீடியோவப் போட்டுக் காட்டினாங்க. அந்த எடத்துல மூணு பேர் மாறி மாறி நிப்போம். இதுல யாருன்னு கேட்டாங்க."

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா மூணு பேரையும் நிறுத்தியிருப்பாங்க. ஒருத்தி மாசமா இருக்கா." குழாயைத் திறந்து கை கழுவினாள். "உங்க குரலக் கேட்டேன். என்னைய நல்லா இருக்கணும்னீங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "என்னை மன்னிச்சிடும்மா. நீன்னு தெரியாமப் பேசிட்டேன்," என்றேன். அவள் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தாள். நான் சாப்பாட்டைச் சூடு பண்ணி இரண்டு தட்டு வைத்தேன். இரண்டாவது தட்டு அலமாரியின் உள்ளே எங்கேயோ கிடந்தது, தேடி எடுத்துக் கழுவ வேண்டியிருந்தது. எதிரெதிரே உட்கார்ந்தோம். கடைசியாக எப்போது இப்படி உட்கார்ந்தோம் என்று இருவருக்குமே நினைவில்லை.

நாலு வாய் சாப்பிட்ட பிறகு கேட்டாள். "கிழியாம வந்துச்சா?"

"முழுசா வந்துச்சு. ஒரு பிசிறு இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டாள். என் இடது கட்டைவிரலை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.

"எத்தன நாளா மடிக்கிற?"

"லைன் ஆரம்பிச்சதுல இருந்து. ரெண்டு மாசமாச்சு."

"ஒரு நாளைக்கு எத்தன?"

"என் முறைக்கு நானூறு வரும்."

"நானூறையுமா மடிச்ச?"

சோற்றைப் பிசைந்த கை நின்றது. இவ்வளவு பெரிய மடையனா நீ என்பது போல என்னைப் பார்த்தாள்.

"அதுல எது உங்க கைக்கு வரும்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"